வீட்டுக் கைவினை: பயன் எது, பாவனை எது?

வீட்டில் இருக்கும் பொருள்களைக் கொண்டு கைவினைப் பொருள்கள் செய்வதற்கு நம்மிடையே மூன்று நியாயங்கள் சொல்லப்படுகின்றன. செலவு மிச்சமாகும், குப்பை குறையும், பிள்ளைகளின் கைத்திறனும் கற்பனையும் வளரும். பள்ளிகளின் கோடை முகாம்களும் வார இதழ்களின் மகளிர் பக்கங்களும் கைபேசியில் ஓடும் சின்னஞ்சிறு காணொளிகளும் இந்த மூன்றையே மாற்றி மாற்றிச் சொல்கின்றன. உரசிப் பார்த்தால் மூன்றுமே அப்படியே ஏற்கத்தக்கவையாக இல்லை. நாமே தைக்கும் பையைவிடக் கடைப் பை பல நேரம் மலிவு. வண்ணம் பூசி ஜரிகை ஒட்டிய பாட்டில் சில மாதங்களில் குப்பைக்கே போகிறது. திரையில் பார்த்ததை அப்படியே வெட்டி ஒட்டுவதில் கற்பனைக்கு இடம் குறைவு. ஆனாலும் இந்தப் பழக்கம் வீண் என்று தள்ளிவிட முடியாது. அதன் மதிப்பை நாம் தவறான இடத்தில் தேடுகிறோம் என்பதே என் வாதம். செய்த பொருள் செய்ய வேண்டிய வேலையைச் செய்கிறதா, செய்தவருக்கு அந்தப் பொருளின் குணம் பிடிபட்டதா என்ற இரண்டு கேள்விகளே வீட்டுக் கைவினையின் உரைகல். இவற்றுக்கு ஆம் என்று பதில் வந்தால் மற்ற மூன்று நன்மைகளும் ஓரளவு பின்னால் வரும். இல்லை என்றால் மிஞ்சுவது பாவனை மட்டும்.

நம் ஊர்ப் பிள்ளைகள் யாரும் சொல்லிக் கொடுக்காமலே செய்து வந்த விளையாட்டுப் பொருள்களில் இந்த உரைகல் இயல்பாகவே அமைந்திருந்தது. இரண்டு பனையோலைத் துண்டுகளைக் குறுக்காகக் கோத்து, நடுவில் கருவேல முள் குத்தினால் காற்றாடி. அது சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் துளை இறுக்கமா, ஓலையின் மடிப்பு போதவில்லையா என்று பார்த்தே ஆக வேண்டும். நுங்கைத் தோண்டித் தின்றபின் மிஞ்சும் பனங்காய்கள் இரண்டை ஒரு குச்சியில் கோத்துக் கவட்டைக் கம்பால் தள்ளினால் நுங்கு வண்டி. துளை நடுவில் விழவில்லை என்றால் வண்டி தள்ளாடும். அச்சு என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. பூவரச இலையைச் சுருட்டி ஒரு முனையை நசுக்கி ஊதும் பீப்பீயில் இலையின் இரு உதடுகள் ஒன்றோடொன்று அதிர்ந்து ஒலி எழுப்புகின்றன. நாகசுரத்தின் சீவாளி ஒலிப்பதும் இதே முறையில்தான். இரண்டு தீப்பெட்டிகளை நூலால் இணைத்துப் பேசும் தொலைபேசியில் நூல் தொய்ந்தால் குரல் போகாது. விறைப்பாக இழுத்தால் போகும். இவற்றில் எதற்கும் நடுவர் வேண்டியதில்லை. பொருளே மதிப்பெண் போட்டுவிடுகிறது. முட்டை ஓட்டின் அடியில் சிறிது மணல் போட்டு மெழுகு ஊற்றி உறைய வைத்தால், எப்படித் தள்ளினாலும் நிமிரும் பொம்மை கிடைக்கிறது. சாய்ந்தாடும் தஞ்சாவூர்ப் பொம்மையின் கனத்த அடிப்பாகமும் இதே ஈர்ப்பு மைய விதியில் இயங்குகிறது. பெரிய கைவினை மரபுக்கும் அடுப்படியில் கிடைத்த முட்டை ஓட்டுக்கும் இடையே உள்ள தூரம் அதிகமில்லை.

கல்விச் சிந்தனையாளர்கள் இதைக் கண்டுகொண்டு ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் ஆகின்றன. ஜெர்மனியில் 1837-இல் சிறு குழந்தைகளுக்கான நிறுவனத்தைத் தொடங்கிய ஃப்ரோபல், பின்னர் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயரிட்டார். அவருடைய முறையில் காகிதம் மடித்தல், பாய் முடைவதுபோலக் காகிதப் பட்டைகளைப் பின்னுதல் ஆகியவற்றோடு, ஊறவைத்த பட்டாணியில் குச்சிகளைக் குத்தி உருவங்கள் கட்டும் பயிற்சியும் இருந்தது. ஃப்ரோபலின் தாக்கம் பெற்ற ஊனோ சிக்னேயஸின் முயற்சியால், பின்லாந்தின் மக்கள் பள்ளிகளில் 1866-இல் கைத்தொழில் கட்டாயப் பாடமானது. அண்டை நாடான ஸ்வீடனில் ஒட்டோ சாலமன் இந்த முறைக்கு இலக்கணம் வகுத்தார். பிள்ளை செய்யும் பொருள் வீட்டுக்குப் பயன்பட வேண்டும், ஆடம்பரப் பொருள்களை விலக்க வேண்டும், பிறர் உதவியின்றிப் பிள்ளையே செய்து முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பவை அவர் விதித்த நிபந்தனைகள். இன்று பள்ளியில் கொடுக்கப்படும் கைவினை வீட்டுப்பாடங்களை இந்த மூன்று நிபந்தனைகளோடு ஒப்பிட்டால், பெரும்பாலானவை மூன்றிலும் தேறா. பயனற்ற அலங்காரப் பொருளை, கடையில் வாங்கிய சாமானில், அம்மாவோ அப்பாவோ இரவில் உட்கார்ந்து செய்து கொடுக்கிறார்கள். பிள்ளை மறுநாள் அதைத் தூக்கிக்கொண்டு போகிறது.

இந்தியாவில் இந்தச் சிந்தனையின் வலுவான எடுத்துக்காட்டு ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டம். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் அது தொடங்கியது. ஆய்வகம் இல்லாத கிராமப் பள்ளியில், சந்தையில் கிடைக்கும் மலிவான பொருள்களைக் கொண்டே மாணவர்கள் சோதனை செய்து அறிவியல் கற்க வேண்டும் என்பது அதன் கொள்கை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்த அரவிந்த் குப்தா இத்திட்டத்தோடு வந்து சேர்ந்தபோது உருவானதுதான் தீக்குச்சியும் சைக்கிள் வால்வு ட்யூபும் கொண்ட கட்டுமான விளையாட்டு. ட்யூபைச் சிறு துண்டுகளாக நறுக்கி, இரு முனைகளிலும் தீக்குச்சிகளைச் செருகினால் மூட்டு தயார். மூன்று குச்சியில் முக்கோணம் செய்து அமுக்கினால் உருவம் மாறாது. நான்கு குச்சியில் சதுரம் செய்து அமுக்கினால் சாய்சதுரமாகச் சரியும். ரயில் பாலத்திலும் மின்கோபுரத்திலும் ஏன் இத்தனை முக்கோணங்கள் என்பதைப் பத்து வயதுப் பிள்ளை விரலாலேயே புரிந்துகொள்கிறது. ஃப்ரோபலின் பட்டாணியும் குச்சியும் செய்த வேலையை இந்திய வீட்டின் தீப்பெட்டி செய்து முடித்தது. குப்தாவுக்கு 2018-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவருடைய நூல்கள் பலவும் தமிழ் உள்படப் பல மொழிகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. சில ரூபாய்ச் செலவில் ஒரு கோட்பாட்டைக் கையில் கொடுக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

எளிய விளையாட்டுப் பொருள் பள்ளிப் பாடத்தோடு நின்றுவிடுகிறது என்றும் சொல்ல முடியாது. சோடா மூடியைத் தட்டையாக்கி, இரண்டு துளை போட்டு நூல் கோத்து, இரு கைகளாலும் முறுக்கி இழுத்து விர்ரென்று சுற்ற விடுவது நம் தெருக்களில் பழகிய விளையாட்டு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷின் குழு இதன் இயக்கத்தைக் கணக்கிட்டு, காகித வட்டும் நூலும் கைப்பிடிகளும் கொண்ட ஒரு கருவியை 2017-இல் வெளியிட்டது. சுமார் 20 சென்ட் செலவாகும் அந்தக் கருவி நிமிடத்துக்கு 1,25,000 சுற்றுகள் வரை எட்டியது. ஒன்றரை நிமிடத்தில் இரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்தது. மின்சாரமில்லாத கிராமத்தில் இரத்தப் பரிசோதனை செய்ய உதவுவதே அதன் நோக்கம். அதே குழு 2014-இல் அறிமுகப்படுத்திய மடிப்புக் காகித நுண்ணோக்கியின் பாகங்களுக்கு ஒரு டாலருக்கும் குறைவாகவே செலவாகும். எல்லாப் பிள்ளைகளும் கருவி கண்டுபிடிக்கப் போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் பொருளின் குணத்தை அறிந்து அதனிடம் வேலை வாங்குவது என்ற சிந்தனை முறை தெருவிளையாட்டிலும் ஆய்வகத்திலும் ஒன்றே என்பதை இவை காட்டுகின்றன.

வீட்டுப் பயன்பாட்டுப் பொருள்களிலும் இதே நெறி வேலை செய்கிறது. பழைய செய்தித்தாளை ஊறவைத்து அரைத்த கூழில் வெந்தய விழுதைச் சேர்த்து, கவிழ்த்த பாத்திரத்தின் மேல் அப்பிக் காயவைத்துக் கூடையாக எடுக்கும் வழக்கம் தமிழ்நாட்டு வீடுகளில் உண்டு. நீரில் பிரிந்த செல்லுலோஸ் இழைகள் காயும்போது ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. வெந்தயத்தில் உள்ள பிசின் அந்தப் பிடிப்பை உறுதியாக்குகிறது. பூண்டும் காய்ந்த மிளகாயும் வைக்க இந்தக் கூடை பல ஆண்டுகள் தாங்கும். ஈரம் பட்டால் தளர்ந்துவிடும். எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று தெரிந்து செய்வதே இங்கே திறமை. செய்தித்தாளில் உணவைப் பொதிய வேண்டாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2016-இல் அறிவுறுத்தியது, அச்சு மையால் உடல்நலத்துக்குக் கேடு என்பதற்காக. ஆகவே இந்தக் கூடையில் பலகாரம் வைக்கக்கூடாது என்பதும் செய்பவர் அறிய வேண்டிய பாடம். துணியை எடுத்துக்கொண்டாலும் இதுவே நிலை. துவைத்துத் துவைத்து மென்மையான பழைய பருத்திச் சேலைதான் தூளிக்கு ஏற்றது. புதுச் சேலையின் மொடமொடப்பு குழந்தைக்கு ஆகாது. வங்காளத்தின் காந்தா மெத்தைகளும் பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போட்டு உருவானவையே. தேங்காய்ச் சிரட்டையில் மூங்கில் காம்பு செருகிய அகப்பை சூட்டைக் கையில் ஏற்றாது, பாத்திரத்தைக் கீறாது. இங்கெல்லாம் பழைய பொருள் வேறு வழியில்லாமல் வந்த மாற்று அல்ல. அந்த வேலைக்கு அதுவே சிறந்த மூலப்பொருள்.

இனிச் சுற்றுச்சூழல் நியாயத்தைப் பார்ப்போம். பயனற்றதிலிருந்து பயனுள்ளது என்ற பெயரில் நடக்கும் பள்ளிப் போட்டிகளில் வரும் பொருள்களைக் கூர்ந்து பார்த்தால், பெரும்பகுதி புதிதாக வாங்கியவை. தெர்மாகோல் அட்டை, ஜிகினாத் தூள், வண்ணச் சார்ட், சூடான பசைத் துப்பாக்கிக்கான குச்சி ஆகியவற்றின் நடுவே ஒரு பழைய பிளாஸ்டிக் பாட்டில் சாட்சிக்கு நிற்கும். அந்தப் பாட்டிலை அப்படியே காயலான் கடையில் போட்டிருந்தால் உருக்கி இழையாக்கியிருப்பார்கள். வண்ணமும் பசையும் ஜிகினாவும் ஏறியபின் அதை எவரும் வாங்க மாட்டார்கள். மறுசுழற்சிக்கு உகந்ததை உதவாததாக்குவதற்குக் கைவினை காரணமாகிவிடுகிறது. ஜிகினாத் தூளில் பெரும்பகுதி நுண்ணிய பிளாஸ்டிக். ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபர் முதல் அத்தகைய தளர்தூள் விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஆகவே குப்பையைக் குறைப்பது நோக்கமென்றால், என்ன செய்தோம் என்பதைக் காட்டிலும் எதைச் சேர்த்தோம், அது எத்தனை காலம் உழைத்தது என்பதே கணக்கு. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றின்படி, புவி வெப்பமாதல் கணக்கில் ஒரு பருத்திப் பை, ஒருமுறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாக வேண்டுமானால் அதை 131 முறை பயன்படுத்த வேண்டும். இது புதுப் பருத்தியில் செய்த பைக்கான கணக்கு. கிழிந்த வேட்டியிலோ பழைய கால்சட்டையிலோ தைத்த பைக்குப் பருத்தி விளைவித்த பாரம் புதிதாக ஏறுவதில்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. இந்த இயக்கத்துக்கு வீடுகள் தரக்கூடிய நேர்மையான பங்களிப்பு பழைய துணிப் பைதான்.

இதே கணக்கில் வயர் கூடைக்கும் நியாயம் கிடைக்கிறது. அதற்கான பிளாஸ்டிக் வயர் கடையில் வாங்குவது. வீட்டில் கிடந்த பொருள் அன்று. தூய்மைவாதிகள் அதை ஒதுக்கிவிடலாம். ஆனால் சாதா முடிச்சிலோ சிவன் கண் பின்னலிலோ இறுக்கிப் போட்ட கூடை பல ஆண்டுகள் காய்கறி சுமக்கிறது. எத்தனையோ கேரி பைகளைத் தேவையற்றதாக்குகிறது. அறுந்த கைப்பிடியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மூலப்பொருள் இயற்கையானதா என்ற ஒற்றைக் கேள்வியைவிட, பொருள் உழைக்கிறதா, பழுது பார்க்க முடிகிறதா என்ற கேள்விகள் நம்மைச் சரியான முடிவுக்குக் கொண்டு செல்கின்றன.

செலவு பற்றிய எதிர்வாதம் வலுவானது. ஒரு கூடை பின்னப் பல மணி நேரமாகிறது. அந்த நேரத்துக்குக் கூலி போட்டால் கடைக் கூடையே மலிவு. இதை மறுக்க வழியில்லை. செலவு மிச்சம் என்று சொல்லிக் கைவினையை விற்பதை விட்டுவிடுவதே நேர்மை. ஆனால் கூலிக் கணக்கில் விடுபடும் ஒன்று உண்டு. மைக்கேல் நார்ட்டன் உள்ளிட்ட மூவர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், தாம் மடித்த காகித உருவத்துக்குச் செய்தவர்கள் சராசரியாக 23 சென்ட் தர முன்வந்தார்கள். மற்றவர்கள் அதே உருவத்துக்கு 5 சென்ட் மட்டுமே மதிப்பிட்டார்கள். அதே ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கவனித்தார்கள்: வேலையை முடிக்காமல் விட்டவர்களிடம் இந்தக் கூடுதல் மதிப்பு காணப்படவில்லை. சொந்தக் கைவேலை மீதான பற்று தன்னை ஏமாற்றிக்கொள்வதாகவும் ஆகலாம் என்பது இதில் ஓர் எச்சரிக்கை. கோணலான கிண்ணத்தை அழகென்று நம்பிக்கொண்டிருப்பதில் பெருமையில்லை. அதனால்தான் பயன் என்ற வெளி உரைகல் வேண்டியிருக்கிறது. மறுபக்கம், தாம் செய்ததைப் பேணிப் பாதுகாக்கும் மனம் பொருள்களை எளிதில் எறியாது. தைக்கத் தெரிந்தவர் கிழிந்த பையைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஊசியைத் தேடுவார். செலவு மிச்சமாவது அங்கேதான், செய்யும்போது அல்ல.

தமிழ்நாட்டில் கைத்தொழிலையும் கல்வியையும் சேர்த்துப் பேசும் எவரும் தவிர்க்கக் கூடாத எதிர்ப்பு ஒன்று உண்டு. காந்தி 1937 அக்டோபரில் வார்தாவில் கூட்டிய மாநாட்டிலிருந்து பிறந்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலைப் பாடத்தின் மையத்தில் வைத்தது. பிள்ளைகள் செய்யும் பொருள்களின் வருமானத்தில் பள்ளியை நடத்தலாம் என்ற எண்ணம் குழந்தை உழைப்பாகிவிடாதா என்ற கேள்வியை எழுப்பியது. இராஜாஜி அரசு 1953-இல் கிராமத் தொடக்கப் பள்ளிகளில் கொண்டுவந்த திட்டம் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகளைப் பெற்றோரின் தொழிலைக் கற்கச் சொன்னது. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதைக் குலக்கல்வி என்று எதிர்த்தார்கள். இராஜாஜி 1954-இல் பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். அந்த எதிர்ப்பு நியாயமானது. கைவேலை தாழ்ந்தது என்று அது சொல்லவில்லை. பிறப்பை வைத்துக் கைவேலையைப் பங்கிடாதே என்றது. வீட்டுப் பொருள் கைவினை இந்தச் சோதனையில் தேற முடியும், சில நிபந்தனைகளோடு. தீக்குச்சியும் செய்தித்தாளும் முட்டை ஓடும் எந்தச் சாதியின் தொழிற்பொருளும் அல்ல. எல்லாப் பிள்ளைகளும் எல்லாவற்றையும் செய்ய வேண்டும்; படிப்பு நேரத்தைக் குறைத்து அது நடக்கக் கூடாது; அறிவியலும் கணக்கும் அதன் வழியாகவே உள்ளே வர வேண்டும். கையையும் அறிவையும் வேறு வேறு மக்களுக்கென்று பிரித்து வைத்த சமூகத்தில், மருத்துவர் வீட்டுப் பிள்ளையும் கொத்தனார் வீட்டுப் பிள்ளையும் ஒரே மேசையில் கூழ் பிசைவது ஒரு சமத்துவச் செயல்.

பெண்களின் உழைப்பு பற்றிய கேள்வியும் இதை ஒட்டியதே. கைவினை என்றதும் பத்திரிகைகள் மகளிர் பக்கத்துக்கு ஓடுகின்றன. பள்ளி கொடுக்கும் செய்முறை வேலை பெரும்பாலும் அம்மாவின் தலையில் விழுகிறது. சமையலும் துவைப்பும் முடித்தவர் மேல் இன்னொரு கூலியில்லா வேலையை ஏற்றி, அதற்குப் படைப்பாற்றல் என்று பெயர் சூட்டுவது அநியாயம். இதற்கான மருந்து சாலமனின் நிபந்தனையிலேயே இருக்கிறது: பிள்ளை தானே முடிக்கக்கூடிய வேலையை மட்டும் கொடுக்க வேண்டும். அதோடு, பள்ளி நேரத்திலேயே அது நடக்க வேண்டும். பொத்தான் தைப்பதும் பை தைப்பதும் ஆண் பிள்ளைகளுக்கும் அதே அளவு உரிய பாடம். கை நுட்பம் குறைவதற்கு விலை உண்டு என்று எச்சரிப்போரும் இருக்கிறார்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரியின் அறுவைச் சிகிச்சைக் கல்விப் பேராசிரியர் ரோஜர் நீபோன், வெட்டவும் தைக்கவும் பழகாத மாணவர்கள் கை வேலையில் திணறுவதாக 2018-இல் கவலை தெரிவித்தார். இது அளவிட்ட ஆய்வன்று, அனுபவம் மிக்க ஒருவரின் கருத்து. அந்த அளவுக்கே அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

அழகுக்காக மட்டும் ஒன்றைச் செய்யக் கூடாதா என்று கேட்கலாம். தாராளமாகச் செய்யலாம். நவராத்திரிக் கொலுவுக்குப் பழைய காகிதத்தில் பொம்மை செய்து, துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து, அடுத்த ஆண்டும் எடுத்து வைக்கிற வீடுகள் இருக்கின்றன. அந்தப் பொம்மையின் பயன் அழகுதான். ஆண்டுதோறும் அது அந்தப் பயனைத் தருகிறது. போட்டிக்குச் செய்து, பரிசு வாங்கி, மறுவாரம் குப்பையில் சேரும் தெர்மாகோல் கோபுரத்தை அதோடு சேர்க்க முடியாது. அழகும் ஒரு வேலைதான். அதுவும் நீடித்து உழைக்க வேண்டும்.

ஆகவே முடிவு இது. வீட்டுப் பொருளில் கைவினை என்பது தன்னளவிலேயே நற்செயல் அல்ல. அதைச் சிக்கனமென்றும் பசுமையென்றும் புகழ்வதை நிறுத்த வேண்டும். செய்த பொருள் வேலை செய்து, செய்தவருக்குப் பொருளின் குணத்தைக் கற்றுக்கொடுத்து, பழுதானால் சரிசெய்ய இடம் தந்து, கடைசியில் மண்ணுக்கோ காயலான் கடைக்கோ தடையின்றிப் போய்ச் சேருமானால், அது எந்தப் பாடநூலுக்கும் குறையாத கல்வி. ஆசிரியர்கள் அடுத்த கைவினைப் போட்டியில் அலங்காரத்துக்கான மதிப்பெண்ணைக் குறைத்து, பொருள் இயங்குகிறதா என்பதற்கு மதிப்பெண் கொடுக்கட்டும். கடையில் வாங்கிய அலங்காரச் சாமான்களுக்கு இடமில்லை என்று முன்கூட்டியே அறிவிக்கட்டும். பெற்றோர் செய்ய வேண்டியது இன்னும் எளிது: தீப்பெட்டி, நூல், பழைய துணி, செய்தித்தாள் ஆகியவற்றைப் பிள்ளையின் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு, அது தவறாகச் செய்யும்போது கையைப் பிடித்துத் திருத்தாமல் இருக்க வேண்டும்.